ஏறும் வண்டியும் உருட்டும் வண்டியும்

தருமபுரி மாவட்டத்தில் இவ்வாண்டு முதன்முதலாகத் தாயும் தந்தையும் ஆகியிருக்கும் இளையோர் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்



சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை, பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகன் தன் எட்டு மாதக் குழந்தைக்கென்று ஆசையோடு வாங்கிவந்திருந்த மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பேத்தியை உட்காரவைத்து, பாலக்கோட்டுப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்த் தெருவில் நான் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டு வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரையில் சிமெண்டு போட்ட வழி. அதுவரை வண்டி ஓடையில் விட்ட ஓலையைப் போல வழுக்கிக்கொண்டு சென்றது. கோயிலைக் கடந்து, கேழ்வரகு அடித்துக் காயப்போட்டிருந்த களத்துக்குத் திரும்பும் மண்பாதையில் இறங்கியதும், என் உள்ளங்கை அகலங்கூட இல்லாத அந்த முன்சக்கரம் புழுதியில் புதைந்து, குறுக்கே திரும்பி, நின்றுவிட்டது. நான் நடந்துவந்த வேகத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மார்பிலும் இடுப்பிலும் பட்டை மாட்டியிருந்தபடியால் குழந்தை முன்னே சரிந்தாளேயன்றி விழவில்லை. கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள். அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அன்று தொடங்கி, குழந்தைகளுக்கான வண்டிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும், ஊர் ஆசாரியிடமும் சைக்கிள் கடைக்காரரிடமும் துருவித் துருவிக் கேட்டும் நான் தெரிந்துகொண்ட சில விஷயங்களை, இன்று கடைவாசலில் நின்று எதை வாங்குவது என்று தயங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆவலே இம்மடலுக்குக் காரணம்.

கடைக்காரர்கள் பிராம், ஸ்ட்ரோலர், வாக்கர் என்று மூன்று பெயர் சொல்லுகிறார்கள்; வாங்குகிறவர்களோ மூன்றையும் ஒன்றாகவே எண்ணி, நிறத்தையும் விலையையும் பார்த்து ஒன்றை எடுத்து வருகிறார்கள். நம் முன்னோர் அவ்வாறு குழம்பவில்லை. சங்கப் புலவராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில் சிறுவர்கள் குதிரையின்றி உருட்டிச் செல்லும் ஒரு சிறுதேர் வருகிறது. அதற்கு மூன்று கால், கால் என்பது அன்றைய வழக்கில் சக்கரம். உலர்கின்ற தானியத்தைத் தின்ன வந்த கோழியின்மேல் ஒரு பெண் எறிந்த பொற்குழை அந்தத் தேரின் வழியில் விழுந்து தடுக்கிறது என்பது அங்கே கவி காட்டும் காட்சி. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுக் குழந்தைகளைப் பாடும்போது, தச்சர் செய்த சிறுதேர் ஒன்றைக் காட்டி, அது ஏறிச் செல்லுவதற்குரிய தேரன்று, உருட்டுவதற்குரிய தேர் என்பதை ஒரே அடைமொழியால் உணர்த்திவிடுகிறார். அதைத் தளர்நடையாய் உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியரைத் தழுவிப் பால் குடித்து உறங்கிப்போகிறார்கள். ஏறுகிற வண்டி ஒன்று, உருட்டுகிற வண்டி மற்றொன்று என்ற இந்தப் பகுப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலாவது உங்கள் சௌகரியத்துக்கானது. இரண்டாவது குழந்தையின் கால்களுக்கானது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ஏறும் வண்டியை முதலில் பார்ப்போம். 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த வண்டியை ஆடோ சிறு குதிரையோ இழுத்துச் சென்றதாம். அது பிரபு வம்சத்தாரின் விளையாட்டுப் பொருளாயிருந்தது. விமானப் பொறியியலாளராகிய ஓவன் மக்ளாரன், இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் சக்கர அமைப்பில் தாம் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, குடையைப் போல மடங்கும் இலேசான வண்டியை 1965-இல் உருவாக்கிய பிறகே, சாமானிய வீட்டுத் தாய் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் வண்டியுமாகப் பஸ்ஸில் ஏற முடிந்தது. மூன்று சக்கரமும் காற்றடைத்த டயருமாக இன்று நாம் பார்க்கும் வகை அதற்கும் பிந்தியது. 1984-ஐ ஒட்டி அமெரிக்காவில் பில் பேக்லர் என்பவர், தாம் ஓட்டப்பயிற்சி செய்கையில் மகனையும் உடன் கொண்டுசெல்ல விரும்பி, சைக்கிள் சக்கரங்களைப் பூட்டிச் செய்தது அது.

இந்தப் பிறப்பு வரலாற்றிலேயே அதன் குணம் அடங்கியிருக்கிறது. மூன்று சக்கரம் என்று பெயர் சொல்லி விற்கப்படும் வண்டிகளில் இரு ஜாதி உண்டு. பேக்லர் செய்ததைப் போலச் சைக்கிள் சக்கரமும் காற்று டயரும் உடையது ஒன்று. பளபளக்கும் கடைத்தெருத் தளத்தில் சுலபமாகத் திரும்பவேண்டும் என்பதற்காகச் சிறிய பிளாஸ்டிக் சக்கரங்களைப் பூட்டியது மற்றொன்று. என் பேத்தியின் வண்டி இரண்டாவது ஜாதி. பெங்களூர் அங்காடியில் அதில் ஒரு குறையும் தெரிந்திராது. ஆகையால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் வீட்டு வாசலிலிருந்து நீங்கள் அன்றாடம் குழந்தையோடு போகும் வழியை ஒரு முறை நடந்து பாருங்கள். மண்பாதையும் சரளையும் வாய்க்கால் மேடும் அந்த வழியில் குறுக்கிடுமானால், முன்சக்கரம் குறைந்தது ஒரு சாண் குறுக்களவாவது இருக்கவேண்டும். எல்லாப் பக்கமும் சுழலும் அந்தச் சக்கரத்தை நேராக நிறுத்திப் பூட்டிவைக்கும் தாழ் ஒன்றும் அவசியம் இருக்கவேண்டும். கரடான நிலத்தில் அந்தத் தாழைப் போட்டுவிட்டால் சக்கரம் குறுக்கே திரும்பாது. அன்று எங்கள் வண்டியில் அந்தத் தாழ் இல்லை. இருக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது.

காற்று டயர் மெத்தென்று போகும், ஆனால் வேலிக்கருவேல முள் அதற்கு எமன். ட்யூபைக் கழற்றிப் பஞ்சர் ஒட்ட முடியுமா என்று வாங்குமுன்பே உள்ளூர் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரு தோள், இரு இடுப்பு, கவட்டு ஆக ஐந்து இடத்திலும் பிடிக்கும் பட்டையை இருபது அடி தூரம் போவதானாலும் மாட்டுங்கள். மூன்று சக்கர வண்டி நேராகப் போகும்போது ஸ்திரமாக இருக்கும். வேகத்தோடு திருப்பினால், முன்மூலையில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லாதபடியால் அந்தப் பக்கமாகச் சரியும். கைப்பிடியில் தக்காளிப் பையை மாட்டினாலோ பின்புறமாக மல்லாந்துவிடும். தொப்பூர்ப் பக்கத்து ஊர்களைப் போல வாசலே சரிவாக இருக்கும் இடங்களில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் பிரேக்கை நம்பவேண்டும். மடங்கும் வண்டியானால் கீல் இருக்கும் இடத்தில் உங்கள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் மடக்கு வண்டிகள், அவற்றின் கீலில் அகப்பட்டுக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான காரணத்தால் திரும்பப் பெறப்பட்டன.

இன்னுமொன்று, நம் ஊர் வெயிலைப் பற்றியது. வண்டியில் தூங்கும் குழந்தையின் முகத்தில் வெயில் படுகிறதே என்று சேலைத்தலைப்பையோ துண்டையோ மேலே போர்த்திவிடுகிறோம். உள்ளே காற்றோட்டம் அற்றுப்போய்ச் சூடு ஏறுவது வெளியே நடக்கும் நமக்குத் தெரியாது. சித்திரை வைகாசியில் இது பெரிய ஆபத்து. வண்டிக்கென்று அமைந்த குடையை விரியுங்கள், அல்லது நிழலுக்குப் போங்கள், மூடாதீர்கள். கழுத்து நிற்காத சிசுவை நிமிர்ந்த இருக்கையில் உட்காரவைப்பதும் கூடாது. முதல் சில மாதங்களுக்குத் தட்டையாகச் சாயும் வண்டியே தகும்.

இவ்வளவும் சொன்னபின், இவ்வண்டி எல்லாருக்கும் தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் வாழும் தாய்மார்களுக்கு இடுப்பும் தூளியும் செய்யும் உபகாரத்தை எந்தச் சக்கரமும் செய்ய இயலாது; சமவெளியிலும் அப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. அடுத்த வீட்டில் இருக்கிறதே என்பதற்காகக் கடன்பட்டு வாங்கவேண்டாம். மாட்டுக்கொட்டகைக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாளில் நாலு முறை தனியாகப் பிள்ளையோடு நடக்கவேண்டிய தாய்க்கும், இடுப்பு வலியோடு பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமார்களுக்கும் அது மெய்யான துணை. அவர்கள் வாங்கட்டும், நல்லதாகப் பார்த்து வாங்கட்டும்.

இனி வாக்கர். வட்டமான சட்டமும் அடியில் சிறு உருளைகளும் நடுவே துணி இருக்கையுமாக, பெயர் வைக்கும் நாளில் மாமன் வீட்டுச் சீராகவே வந்துவிடுகிற அந்தப் பொருளைப் பற்றி நான் தாட்சண்யமின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது: தயவுசெய்து வாங்காதீர்கள், வந்திருந்தால் பிள்ளையை அதில் வைக்காதீர்கள். கனடா தேசம் 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் விற்பனையை அடியோடு தடைசெய்துவிட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையிலான 25 ஆண்டுகளில் 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 2,30,000 பேர் அதனால் காயமுற்று அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டனர் என்று 2018-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு கணக்கிட்டிருக்கிறது; பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி, நான்கில் மூன்று பேர் படியிலிருந்து உருண்டவர்கள். அதில் உட்கார்ந்த குழந்தை ஒரு விநாடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும். எதிர் மூலையில் நிற்கும் தாய் எட்டிப் பிடிக்கும் வேகம் அதுவன்று. நம் வீடுகளையோ எண்ணிப் பாருங்கள். திண்ணைக்கும் வாசலுக்கும் நடுவே படி, அடுப்பங்கரையில் தரையோடு தரையாக அடுப்பு, அதன் பக்கத்தில் இறக்கிவைத்த களிப்பானை, முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி. தவழும் குழந்தைக்கு எட்டாத இவையெல்லாம் வாக்கரில் ஏறிய மறுகணமே எட்டிவிடுகின்றன.

நடை விரைவில் வரும் என்ற நம்பிக்கையால்தான் பெற்றோர் அதை வாங்குகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. இருக்கையில் தொங்கும் குழந்தை விரல்நுனியால் தரையை உந்துகிறதேயன்றித் தன் உடற்பாரத்தைத் தன் பாதத்தில் தாங்கிப் பழகுவதில்லை. இருக்கையைச் சுற்றியுள்ள தட்டு மறைப்பதால் தன் காலையே அது காண்பதில்லை. நம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஆரோக்கியமான குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டதே என்று உங்கள் மனம் தவிக்க நியாயமில்லை.

அந்த நாள் நெருங்கி, பிள்ளை சுவரைப் பிடித்துத் தானே எழுந்து நிற்கத் தொடங்கும்போது வாங்கவேண்டியது நம் நடைவண்டி. முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு, நடுவில் பலகை, பின்புறம் எழும்பும் சட்டம், அதன்மேல் குறுக்காக ஒரு கைப்பிடி. இருக்கை இல்லை, பட்டை இல்லை. பிள்ளை நின்றால் நிற்கும், எட்டு வைத்தால் நகரும். விழுந்தாலும் தன் உயரத்திலிருந்துதான் விழும். மூன்று சக்கரம் ஏன் என்று எங்கள் ஊர் ஆசாரியைக் கேட்டேன். ஒரு முக்காலியையும் நாற்காலியையும் சாணம் மெழுகிய தன் பட்டறைத் தரையில் வைத்துக் காட்டினார். நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடியது. முக்காலி வைத்த இடத்தில் அமர்ந்தது. மூன்று புள்ளிகள் எந்த மேடுபள்ளத்திலும் ஒருசேரத் தரையைத் தொடும் என்ற க்ஷேத்திரகணிதம் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

தகடூர் என்று பழைய நூல்கள் சொல்லும் இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வீரத்தைப் புறநானூற்றில் ஔவையார் ஒரு தேர்ச்சக்கரத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கவல்ல தச்சன் ஒரு மாத காலத்தை ஒரே சக்கரத்தில் செலவிட்டால் அது எவ்வளவு உறுதியாயிருக்குமோ அவ்வளவு உறுதியானவன் அவன் என்பது அதன் கருத்து. யானையும் வாளும் வேலும் சூழ்ந்த அரசனைப் பாட வந்தவர் தச்சன் பட்டறையில் தம் உவமையைக் கண்டார் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். அந்தத் தச்சர் மரபினர் இன்று நம் ஊர்களில் கதவும் கட்டிலும் கேட்பாரின்றி, கட்டட வேலைக்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறார்கள். திருவிழாக் கடையிலும் நடைவண்டி கிடைக்கும். ஆனால் உங்கள் பிள்ளையின் அளவுக்குச் செய்தது உள்ளூர் ஆசாரியிடந்தான் கிடைக்கும்.

"புள்ளையத் தூக்கியாந்து இங்க நிக்க வைங்க டீச்சரம்மா, வண்டிக்கு அளவு அதுதான்" என்றார் அவர். கைப்பிடி குழந்தையின் இடுப்புக்கு மேலும் மார்புக்குக் கீழுமாக அமையவேண்டும். உயர்ந்தால் தொங்கும், தாழ்ந்தால் குப்புற விழும். எழுந்து நிற்பதற்காகக் குழந்தை முதலில் செய்வது கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பதுதான். அப்போது இலேசான வண்டி அதன்மேலேயே சாயும். எனவே பலகையின் முன்பாகத்தில் அரைச் செங்கல்லை அசையாமல் கட்டிவைத்தார். டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் பிள்ளையை முந்திக்கொண்டு ஓடிவிடுமென்று பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்கிச் சக்கரங்களின்மேல் மாட்டினார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் பிஞ்சு விரல் நுழையுமோ என்று தம் பென்சிலைச் செருகிப் பார்த்து, ஓர் இடத்தில் மீண்டும் இழைத்தார். கடையாணி கழன்றால் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். அதை முளையடித்து இறுக்கச் சொல்லுங்கள். வண்ணம் பூசுவதில்தான் நீங்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பல் முளைக்கும் குழந்தை கைப்பிடியைக் கடிக்காமல் இராது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று நம் அரசு 2016-இல் விதி வகுத்திருக்கிறது; டப்பாவின்மேல் ஈயம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஐயம் இருந்தால் வண்ணமே வேண்டாம். நன்றாக இழைத்து உப்புத்தாள் போட்ட வெறும் மரம் குழந்தைக்குப் போதும்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வருத்தம் தருவது. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண் குழந்தைக்குப் பத்தாம் பருவம் சிறுதேர் உருட்டுதல். பெண் குழந்தைக்கு அந்தப் பருவம் கிடையாது, அவளுக்குக் கழங்கும் அம்மானையும் நீராடலும் ஊசலும் என்று இலக்கணம் வகுத்துவிட்டார்கள். நான் இதைப் பல வருஷம் வகுப்பில் பட்டியலாக ஒப்பிக்கச் செய்திருக்கிறேன். ஏன் என்று ஒரு மாணவியும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. பெண் சிசுக்களைக் காப்பதற்காக 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் விரிவாக்கியபோது அரசு தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. தொட்டில் வைக்கவேண்டிவந்த ஊர் இது. அதை மறந்துவிட்டு நம்மால் குழந்தை வண்டியைப் பற்றிப் பேசமுடியாது.

ஆசாரியின் பட்டறைச் சுவரில், அவர் தகப்பனார் காலத்திலிருந்து, ஒரு மூங்கிற் கழி சாத்தியிருக்கிறது. நடைவண்டி செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கைப்பிடி உயரத்தை அதில் உளியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் வீட்டுப்பெயரின் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் கீறிய என் மகனின் கோட்டை அவர் தொட்டுக் காட்டினார். எண்ணெய்ப் பசை ஏறிக் கறுத்திருந்தது. அவனுக்கு மூன்று வயது இளையவளாகிய என் மகளின் கோட்டை நான் தேடினேன். இல்லை. அவளுக்கென்று நான் வண்டி சொல்லவே இல்லை. அண்ணன் உருட்டிச் சக்கரம் தேய்ந்த வண்டி பரணில் கிடக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன், அதையும் இறக்கிக் கொடுத்தேனா என்பது இப்போது நினைவில்லை. கழியை மேலும் கீழுமாக நெடுநேரம் பார்த்தேன். முப்பதுக்கு மேற்பட்ட கோடுகளில் பெண்பிள்ளைகளுக்கானவை எவை என்று கேட்டபோது அவர் நான்கைக் காட்டினார்.

மாசியில் பேத்திக்குக் கோடு விழுந்தது. கீறுவதற்காக அவளை அந்தக் கழியின் ஓரமாக நிறுத்தியபோது இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு ஆசாரியைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வைகாசியில் அவளுக்குப் பதினாலு மாதம். வண்டியை விட்டுவிட்டுத் தானே திண்ணை வரையில் நடக்கிறாள். வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் தறி நெய்பவர் வீட்டில் மூன்றாவதாகவும் பெண் பிறந்து எட்டு மாதமாகிறது. அவள் எழுந்து நிற்கும்போது இந்த வண்டியையே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு, புதிதாக ஒன்றுக்கு ஆசாரியிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அளவெடுக்கக் குழந்தையை ஆடி பிறந்ததும் தூக்கி வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி